தனம்மாள் குடும்பத்தின் உடன்பிறந்தோர் இசைக்குழுக்கள்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர் வீணை தனம்மாள் (1867–1938). அவருடைய குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடியும் வாசித்தும் வந்தனர். முதல் தலைமுறையில் தனம்மாளும் அவர் சகோதரி ரூபவதியும் சகோதரர் நாராயணசாமியும், இரண்டாம் தலைமுறையில் தனம்மாளின் மகள்களும் இவ்வாறு இசைத்தனர். மூன்றாம் தலைமுறையில் இரண்டு குழுக்கள் உருவாயின. ஒன்று பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி என்ற சகோதரிகள். மற்றொன்று நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் அவருடைய தம்பிகள் ரங்கநாதன், விஸ்வநாதன் ஆகியோரும். க்ஷேத்ரக்ஞரின் பதங்கள், ஜாவளிகள், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகள் ஆகியவற்றின் நுட்பமான பாடங்கள் இன்றைக்கும் கிடைப்பதற்கு இக்குடும்பம் முக்கியமான காரணம்.

இடம்

ஜார்ஜ் டவுன் முன்பு கருப்பர் நகரம் எனப்பட்டது. வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்) இந்தியா வந்து சென்றதை ஒட்டி 1906இல் இப்பெயர் மாற்றப்பட்டது. முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை ஆகிய இரண்டும் சேர்ந்ததே இப்பகுதி. கிழக்கே துறைமுகம், வடக்கே இராயபுரம், அதற்கும் வடக்கே கடற்கரையோரமாகத் திருவொற்றியூர், எண்ணூர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. கப்பல் வணிகம், துணி, தானியம், நகை, வட்டித்தொழில் என்று பணம் புழங்கிய இடம் இது. பணம் இருந்த இடத்தில் புரவலர்களும், புரவலர்களைத் தேடிக் கலைஞர்களும் வந்து சேர்ந்தனர்.

தியாகராஜர் தம் முதுமையில் சென்னைக்கு வந்தபோது பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில் தங்கினார். திருவொற்றியூருக்குச் சென்று வடிவுடையம்மன்மீது பாடிய கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. அவருடைய மாணவர் வீணை குப்பய்யர் திருவொற்றியூரைச் சேர்ந்தவர், முத்தியால்பேட்டையில் வாழ்ந்தார். குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் 1900இல் ‘பல்லவி ஸ்வரகல்பவல்லி’ என்ற நூலை வெளியிட்டார். இசைநூல்களைப் பதிப்பித்த தச்சூர் சிங்காராசார்யுலு சகோதரர்களும் இப்பகுதியில் இயங்கியவர்களே. சென்னையின் சங்கீதம் என்றால் இன்று மயிலாப்பூரும் தியாகராய நகரும் நினைவுக்கு வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் வீடு வடசென்னையாக இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு

தனம்மாளின் முன்னோர் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய இசை, நடனக் கலைஞர்கள். தேவதாசி மரபில் வந்த குடும்பம் இது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவையை நம்பி வாழ்ந்த கலைஞர்கள் வேறு ஊர்களைத் தேட வேண்டியதாயிற்று. பலர் சென்னைக்கு வந்தனர்.

தனம்மாளின் பாட்டி காமாட்சி நடனக் கலைஞர். தாய் சுந்தரம்மாள் பாடகர். சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் இசை கற்றவர் சுந்தரம்மாள். இதனால் சியாமா சாஸ்திரி பரம்பரையின் பாடம் நேரடியாக இந்த வீட்டுக்குள் வந்தது.

இத்தகைய குடும்பங்களில் கலையும் பெயரும் தாய்வழியில் இறங்கின. பெண்கள் பாடினர், ஆடினர். ஆண்கள் நட்டுவாங்கமோ பக்கவாத்தியமோ கற்றனர். சென்னையில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளும் தங்கள் பெயருக்கு முன்னால் ‘தி’ என்ற எழுத்தையே வைத்துக்கொண்டனர். அது தந்தை பெயரின் முதலெழுத்து அன்று. தஞ்சாவூர் என்பதன் ஆங்கில முதலெழுத்து. விட்டு வந்த ஊர் அந்த ஓர் எழுத்தில் மூன்று தலைமுறை கடந்தும் இருந்தது.

முதல் தலைமுறை: தனம், ரூபவதி, நாராயணசாமி

வீணைக்காகவே பெயர்பெற்ற தனம்மாள் இளமையில் பாட்டுக் கச்சேரியும் செய்தவர். அவரும் ரூபவதியும் இணைந்து பாட, நாராயணசாமி வயலின் வாசித்தார். வீட்டிலேயே பாடகர் இருவரும் பக்கவாத்தியக்காரர் ஒருவரும் இருந்த குழு அது.

தனம்மாள் தம் பாட்டையும் தாயையும் தவிர வேறு பலரிடமும் கற்றார். சாத்தனூர் பஞ்சநதய்யரிடமிருந்து முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பெற்றார். கண் பார்வையற்ற பாலதாஸ் நாயுடு என்பவரிடமிருந்து க்ஷேத்ரக்ஞர் பதங்களைப் பெற்றார். தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகளும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரே வீட்டில் இத்தனை வழிகளின் பாடல்கள் சேர்ந்ததுதான் பிற்காலத்தில் அதன் தனிச்சிறப்பாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீட்டில் வீணை வாசிப்பார். நகரின் வித்துவான்களும் ரசிகர்களும் வந்து கேட்பார்கள். மீட்டுகோல் இல்லாமல் விரலால் மீட்டி, கூடவே மெல்லிய குரலில் பாடுவது அவர் வழக்கம். ஒலி மிகச் சிறியது. ஆகவே கேட்பவர்கள் அசையாமல் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய அந்த நாட்களில், ஒரு கூடத்தில் சிலர் மட்டும் நெருங்கி உட்கார்ந்து கேட்பதற்கென்று வளர்ந்த இசை அது. பிற்காலத்தில் தனம்மாளுக்குப் பார்வை மங்கியது, பணமுடையும் இருந்தது. 1930களில் பதிவான சில இசைத்தட்டுகள் அவர் வாசிப்புக்குச் சான்றாக உள்ளன. 1938 அக்டோபர் 15 அன்று அவர் காலமானார்.

இரண்டாம் தலைமுறை: நான்கு மகள்கள்

தனம்மாளுக்கு ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு மகள்கள். நால்வரும் பாடினர். மூத்தவர்களான ராஜலட்சுமியும் லட்சுமிரத்தினமும் இணைந்து கச்சேரி செய்தனர். ஜயம்மாளின் மக்கள் பாலசரஸ்வதியும் அவர் தம்பிகளும். காமாட்சியின் மகள்கள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. லட்சுமிரத்தினத்தின் மகன் தி. சங்கரன் வானொலியில் பணியாற்றியவர். இக்குடும்பத்தையும் அக்காலக் கலைஞர்களையும் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். இவ்வீட்டு வாழ்க்கை குறித்து இன்று அறியப்படுவதில் பெரும்பகுதி அவர் எழுத்திலிருந்து வந்தது.

இத்தலைமுறைப் பெண்களின் பணி பெரும்பாலும் கற்பித்தலாகவே எஞ்சியது. தனம்மாளின் பாடம் பேரப்பிள்ளைகளைச் சென்றடைந்தது இவர்கள் வழியாகத்தான்.

மூன்றாம் தலைமுறை: பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி

பிருந்தா (1912–1996), முக்தா (1914–2007), மூவரில் இளையவரான அபிராமசுந்தரி ஆகியோர் தாயிடமும் பெரியம்மாக்களிடமும் பாட்டியிடமும் கற்றனர். பின்னர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் (1889–1934) பயின்றனர். நாயனாப் பிள்ளையும் சகோதரிகள் பாடிய வீட்டிலிருந்து வந்தவர். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், காமாட்சி அம்மாள் என்ற புகழ்பெற்ற சகோதரிகள் அவர் குடும்பத்தினர். லயத்தில் அவருக்கு இணையில்லை என்பர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பல தாளவாத்தியங்கள் சூழப் பாடுவதும், திருப்புகழை மேடையில் பாடுவதும் அவர் சிறப்பு.

தனம்மாள் வீட்டின் இசை மெதுவானது, மென்மையானது. நாயனாப் பிள்ளையின் இசை கணக்கும் வேகமும் நிறைந்தது. இரண்டையும் பெற்ற சகோதரிகள் மேடையில் ஆரவாரமான தாளக்கணக்குகளைக் காட்டுவதில் நாட்டம் கொள்ளவில்லை. விளம்ப காலத்தில் பாடும்போது தாளம் தளராமல் நிற்பதற்கு அந்தப் பயிற்சி உதவியது. பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடுவது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அபிராமசுந்தரி பாட்டில் தேர்ந்தவர். சகோதரிகளுக்கு வயலினும் வாசித்தார். பாடுபவர், கூடப் பாடுபவர், வயலின் என்ற மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக அமைந்தது, பாட்டி தனம்மாளின் இளமைக்காலக் குழுவை அப்படியே நினைவூட்டியது.

பெரிய அரங்குகளில் கூட்டம் சேர்க்கும் பாடகர்களாக இவர்கள் ஆகவில்லை. வித்துவான்கள் தேடிவந்து கேட்கும் வித்துவான்களாக இருந்தனர். செம்மங்குடி சீனிவாச அய்யர் போன்ற முன்னணிப் பாடகரே பிருந்தாவிடம் பதங்களைக் கற்றுக்கொண்டார். சென்னை மியூசிக் அகாதெமி 1976இல் பிருந்தாவுக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது.

சேர்ந்து பாடியது எதற்காக

உடன்பிறந்தவர்கள் குழுவாகப் பாடுவது உலகின் பல இசை மரபுகளில் உண்டு. அமெரிக்கக் கன்ட்ரி இசை இதற்குப் பெயர்போனது. 1927இல் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் முதல் இசைத்தட்டுகளைப் பதிவுசெய்த கார்ட்டர் குடும்பம் அவ்விசையின் முன்னோடிகளுள் ஒன்று. அக்குழுவின் மேபெல் கார்ட்டர் பிற்காலத்தில் தம் மகள்கள் ஹெலன், ஜூன், அனிதா மூவருடனும் மேடையேறினார். மலைக்கிராமங்களில் வாய்மொழியாக இருந்த பாடல்களைத் தேடிச் சேர்த்ததும், அவற்றை ஒரு குடும்பத்தின் குரல்களில் நிலைநிறுத்தியதும் கார்ட்டர் குடும்பத்தின் பங்களிப்பு.

ஒப்புமை இவ்வளவே. கன்ட்ரி இசையில் உடன்பிறந்தோர் வெவ்வேறு சுருதிநிலைகளில் ஒரே நேரத்தில் பாடி ஒத்திசைவை உண்டாக்குகிறார்கள். ஒருவர் குரல் மற்றவருடையதிலிருந்து விலகி நிற்பதே அங்கு அழகு. கர்நாடக இசையில் இருவரும் ஒரே மெட்டை ஒரே நிலையில் பாட வேண்டும். ஒரு சுரத்தை எவ்வளவு அசைப்பது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்ற எல்லாமே இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு கமகத்தைச் சற்று மாற்றினாலும் அது உடனே காதில் இடறும்.

பதங்களைப் பாடுவோருக்கு இது மேலும் கடினம். க்ஷேத்ரக்ஞர் பதினேழாம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய பதங்கள் பெரும்பாலும் நாயகி தன் காதலைப் பற்றித் தோழியிடமோ நாயகனிடமோ பேசுபவை. அவை மிக மெதுவாகப் பாடப்படும். வேகமான பாட்டில் சுரங்கள் ஓடி மறைந்துவிடும். பதத்தில் ஒவ்வொரு சுரமும் வெளிச்சத்தில் நிற்கும். வீணைத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது போன்ற அசைவுகளைக் குரலில் கொண்டுவருவது தனம்மாள் வீட்டு வழக்கம். ‘ஸ ரி க ம’ என்று எழுதிவைத்தால் இந்த அசைவுகள் அதில் அகப்படா. எழுத்தில் கிடைப்பது பாட்டின் எலும்புக்கூடு மட்டுமே.

எழுத்து உதவாத இடத்தில் நினைவே ஏடு. தனி ஒருவரின் நினைவு வயதோடு மாறும். தம் குரலுக்கு எளிதானபடி பாட்டை அவர் அறியாமலேயே திருத்திக்கொள்ளும். ஒரே ஆசிரியரிடம் ஒரே அறையில் கற்ற இருவர் சேர்ந்து பாடினால், ஒருவரின் மாற்றத்தை மற்றவரின் குரல் காட்டிக்கொடுக்கும். பிருந்தாவின் பாடத்தை முக்தாவும் முக்தாவின் பாடத்தை பிருந்தாவும் ஒவ்வொரு கச்சேரியிலும் சரிபார்த்துக்கொண்டனர் எனலாம். மேடையில் இனிமையாகத் தோன்றிய இணைக்குரல், பாடல்களைக் காத்த முறையாகவும் இருந்தது.

பாலசரஸ்வதி, ரங்கநாதன், விஸ்வநாதன்

ஜயம்மாளின் மக்கள் மூவரும் மூன்று கலைகளில் தேர்ந்தனர். மூத்தவர் பாலசரஸ்வதி (1918–1984) கந்தப்பப் பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்றார். 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். ரங்கநாதன் (1925–1987) பழனி சுப்பிரமணியப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்றார். விஸ்வநாதன் (1927–2002) திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் கற்றார்.

பாலசரஸ்வதி ஆட, தாய் ஜயம்மாள் பாடுவார். பின்னாட்களில் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் குழலும் வாசித்தனர். பாலசரஸ்வதியே பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பதும் உண்டு. பிருந்தா சகோதரிகள் பாடிய அதே பதங்களைத்தான் அவர் அபிநயித்தார். ஒரே பாடத்தை ஒரு கிளை காதுக்கும் மறு கிளை கண்ணுக்கும் கொடுத்தன. மெதுவான பதத்தின் ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் புதிய பொருளை முகத்திலும் கையிலும் காட்டும் அவரது அபிநயம், பாட்டின் நுட்பத்தைத் தாமே முழுமையாக அறிந்திருந்ததால் வாய்த்தது.

மியூசிக் அகாதெமி 1973இல் பாலசரஸ்வதிக்கும் 1988இல் விஸ்வநாதனுக்கும் சங்கீத கலாநிதி விருது அளித்தது. பிருந்தாவோடு சேர்த்தால், தனம்மாளின் பேரப்பிள்ளைகளில் மூவர் இவ்விருதைப் பெற்றனர். 1977இல் பாலசரஸ்வதிக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. சத்யஜித் ராய் 1976இல் ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

சட்டமும் மேடையும்

இந்த மூன்றாம் தலைமுறை வளர்ந்த காலத்தில்தான் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் இதற்காக வாதாடினார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. பெண் குழந்தைகள் சுரண்டப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கு வலுவான நியாயம் இருந்தது. ஆனால் அதே காலத்தில், அக்குடும்பங்களின் பெண்கள் மேடையேறுவதே இழுக்கு என்ற எண்ணமும் பரவியது. பல வீடுகளில் மகள்களுக்குப் பாட்டும் நடனமும் கற்பிப்பதை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான மணிநேரப் பயிற்சியில் உருவான பாடங்கள் கற்பவர் இன்றி அவ்வீடுகளோடு முடிந்தன.

தனம்மாள் வீட்டிலும் இந்தத் தயக்கம் இருந்தது. பாலசரஸ்வதி நடனம் கற்பதை உறவினர் சிலர் விரும்பவில்லை. பாட்டி தனம்மாளும் தாய் ஜயம்மாளும் துணைநின்றதால்தான் அவர் ஆட முடிந்தது. நடனம் கௌரவமான கலையாகப் புதிய வடிவம் பெற்றபோது, காதல் ரசம் நிறைந்த பதங்கள் சிலருக்குச் சங்கடமாகத் தோன்றின. சிருங்காரமே பரதநாட்டியத்தின் உயிர் என்று பாலசரஸ்வதி உறுதியாகச் சொல்லி வந்தார். பிருந்தாவும் முக்தாவும் அதே பதங்களைக் கச்சேரி மேடையில் விடாமல் பாடினர்.

வீட்டைவிட்டு வெளியே சென்ற பாடம்

வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த பாடம், மூன்றாம் தலைமுறையில் வெளியார் கைக்கும் சென்றது. பிருந்தா சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் கற்பித்தார். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். இராமநாதபுரம் கிருஷ்ணன், அருணா சாய்ராம், சித்திரவீணை ரவிகிரண் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். பிருந்தாவின் மகள் வேகவாகினி விஜயராகவனும் அம்மரபில் பாடினார்.

ரங்கநாதன் 1963 முதல் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். விஸ்வநாதன் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையில் பணியாற்றியபின் அமெரிக்கா சென்று, பல பத்தாண்டுகள் வெஸ்லியனில் ஆசிரியராக இருந்தார். ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984) என்ற அமெரிக்கர் விஸ்வநாதனிடம் கற்று, ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று தமிழ்நாட்டு ரசிகர்கள் அன்போடு அழைக்கும் அளவுக்குத் தேர்ந்தார். தெலுங்கையோ தமிழையோ தாய்மொழியாகக் கொள்ளாத அவர் குரலில் பதங்கள் ஒலித்தபோது, பிறப்பால் வருவதாக நினைக்கப்பட்ட பாணி, கற்பித்தால் வரும் என்பது தெளிவாயிற்று.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. வெளி மாணவர் வாரத்துக்குச் சில மணிநேரம் கற்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாட்டி வாசிக்கும்போது அருகே படுத்துத் தூங்கி, அம்மா சமைக்கும்போது முணுமுணுத்ததைக் கேட்டு, அக்கா தவறினால் தங்கை திருத்தி வளர்ந்தவர்கள். இந்த இடைவெளியை இன்று வானொலிப் பதிவுகளும் தனியார் ஒலிநாடாக்களும் ஓரளவு நிரப்புகின்றன. உடன்பிறந்தவர் இருந்த இடத்தில் இப்போது பதிவு இருக்கிறது. அதைக் கேட்டு மாணவர் தம்மைத் திருத்திக்கொள்ள முடியும். தவறினால் பதிவு தானாகத் திருத்தாது.

மறக்கப்பட்ட முகவரி

இருபதாம் நூற்றாண்டில் சபாக்களும் அவற்றின் ரசிகர்களும் தெற்கு நோக்கி நகர்ந்தனர். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமியின் அரங்கம் 1962இல் இராயப்பேட்டை அருகே எழுந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்கள் மார்கழி சீசனின் மையங்களாயின. ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரக் கடைகளும் கிடங்குகளும் நெருக்கும் இடமாயிற்று. பழைய இசைக்கூடங்களில் பல, கடைகளாக மாறின, பல இடிந்தன.

வடசென்னையின் இசை என்றால் இன்று கானாவே நினைவுக்கு வருகிறது. துறைமுக, ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்த கானாவும் எழுத்தின்றிக் காதுவழி இறங்கிய இசையே; அதற்குரிய மதிப்பு அண்மைக் காலத்தில்தான் கிடைத்து வருகிறது. அதே நிலப்பகுதியில் தனம்மாளின் வெள்ளிக்கிழமை வீணையும், பிருந்தா சகோதரிகளின் பதமும் ஒலித்தன என்பது வடசென்னை வரலாற்றின் மறுபக்கம். கர்நாடக இசையைத் தென்சென்னைக்கும் கானாவை வடசென்னைக்கும் பிரித்துக் கொடுக்கும் இன்றைய வழக்கம் நூறாண்டுகூட நிறையாதது.

தனம்மாள் குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் தனித்தனி மேதைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது: வீணைக்குத் தனம்மாள், பாட்டுக்குப் பிருந்தா, நடனத்துக்குப் பாலசரஸ்வதி. ரூபவதி, நாராயணசாமி, ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி, அபிராமசுந்தரி ஆகியோர் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகிவிட்டனர். ஒரு பதம் மாறாமல் இன்றைய மாணவர் காதுக்கு வந்திருக்கிறதென்றால், அதைப் பாடியவரின் அருகில் அமர்ந்து அதே சுரத்தை அதே அசைவோடு பாடிய இன்னொருவரும் அதற்குக் காரணம்.